குளிராத கிடங்கு

கதவைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது தக்காளி வாசனை.

அப்புறம்தான் கால்கள் தெரிந்தன. பழுப்பு நிற ஷூ. ஒரு பாதம் மட்டும், தூக்கத்தில் புரண்டவனுடையதைப் போல, லேசாகத் திரும்பியிருந்தது.

"தாடிக்காரர் மேடம்..." என்றார் ஏட்டு. "நேத்து திறப்பு விழாவுல மேடையில உக்காந்திருந்தாரே, அந்த வெளிநாட்டு அதிகாரி."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தாள். நேற்று அதே மேடையருகே பந்தோபஸ்துக்கு நின்றவள் அவள்தான். மேடையில் இருந்தவர்களில் கை தட்டாதவர் இந்தத் தாடிக்காரர் ஒருவர்தான்.

அவர் குப்புறக் கிடந்தார். காயமில்லை. ரத்தமில்லை. பக்கவாட்டில் திரும்பிய முகத்தில் உதடு மட்டும் நீலம்.

"குளிர் கிடங்குல விறைச்சுப் போயிட்டாரு. இதுல துப்பறிய என்ன இருக்கு மேடம்?"

"உங்களுக்குக் குளிருதா ஏட்டய்யா?"

ஏட்டு யோசித்தார். கழுத்து வியர்வையைக் கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டார்.

"இல்ல..."

பிணத்தின் பக்கத்தில் ஓர் எலி செத்துக் கிடந்தது. கூரையோரத்தில் ஒரு பல்லி, எதுவும் நடக்காததுபோல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

கீழே இருந்தது செத்திருக்கிறது. மேலே இருந்தது பிழைத்திருக்கிறது.



தாடிக்காரருடைய நாட்டு அரசின் பணத்தில்தான் ஊர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டு வருடக்கணக்காக ஓடியது. எடை குறைந்து, கண் மட்டும் பெரிதாகி வரும் குழந்தைகளுக்கான வார்டு. போன வருடம் அங்கே ஆட்சி மாறியது. பால்பவுடர் கொடுத்தது போதும், இனி நிலைத்து நிற்கும் பொருளாதார வளர்ச்சிக்குத்தான் உதவி என்று புதுக் கொள்கை வந்தது. வார்டின் பணம் காய்கறிக் கிடங்காக எழுந்து நின்றது. இந்த மாதக் கடைசியோடு வார்டு மூடல்.

கொள்கை மாறியது சரிதானா என்று பார்த்துச் சொல்ல வந்தவர் தாடிக்காரர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பணம் திரும்பலாம். அப்படித்தான் அக்கா சொல்லியிருந்தாள்.

அக்கா அந்த வார்டின் நர்ஸ்.

விவசாயிகள் சங்கச் செயலாளர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். கிடங்கின் சாவி அவரிடம்தான்.

"கொலையெல்லாம் இல்ல மேடம். உள்ள மாட்டிக்கிட்டு குளிர்ல போயிட்டாரு."

"அப்ப ஆளை உள்ள வெச்சுப் பூட்டிட்டு மெஷினை ஓட விட்டது நீங்க."

"ஐயையோ... மெஷின் ஓடவே இல்ல மேடம்!"

"அப்ப நேத்து அத்தனை பேர் முன்னாடி காட்டினது மோசடி."

செயலாளர் சட்டைப் பையில் கர்ச்சீப்பைத் தேடினார். பை உள்பக்கம் இருந்தது.

"ஓடுச்சுன்னா கொலைகாரர். ஓடலைன்னா திருடர்," என்றாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

அவர் ஒரு தக்காளிக் கூடைமேல் உட்கார்ந்தார். அது நசுங்கியது.

"திருடர்னே போட்டுக்குங்க மேடம்."

ஏட்டு சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"நாங்க கேட்டது கரண்ட் லைன் மேடம். லைன் இருந்தா கிடங்கை நாங்களே கட்டிப்போம்னு கால்ல விழாத குறையா சொன்னோம். லைனுக்கு யாரு ரிப்பன் வெட்டறது? கட்டடம் குடுத்தாங்க. நேத்து வெச்ச ஜெனரேட்டர் லைட்டுக்கே மூச்சு வாங்குச்சு."

"நேத்து கதவைத் திறந்ததும் வெள்ளையா புகை வந்ததை நானே பாத்தேன்."

"ட்ரை ஐஸ்."

"தக்காளி?"

"வாடகை. மண்டியில சொல்லி எடுத்தேன். இன்னிக்குத் திருப்பணும். ராத்திரி எவனாவது அள்ளிட்டுப் போயிடுவானோன்னுதான் கூட்டம் கலைஞ்சதும் பூட்டினேன். உள்ள எட்டிக்கூடப் பாக்கலை. சத்தியமா மேடம், உள்ள ஆள் இருப்பார்னு..."

அவர் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நடிப்பாக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

ட்ரை ஐஸ் என்பது உறைந்த கரியமில வாயு. உருகித் தண்ணீராகாது. வாயுவாக மாறும். அந்த வாயு காற்றைவிடக் கனம். மூடிய அறையில் தரையோடு படுத்து, மெல்ல மேலேறும். குனிந்தவனுக்கு மூச்சே மிஞ்சாது.

"ட்ரை ஐஸ் யார் குடுத்தா?"

"வேணாம் மேடம்." செயலாளர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்களுக்கு நல்லதில்ல."

தக்காளிக் கூடைகளுக்குப் பின்னால் புகை வெளியே வர ஓட்டை போட்ட தெர்மாகோல் பெட்டிகள் அடுக்கியிருந்தன. காலி. ஒன்றே ஒன்று பாதி பிரித்தபடி. தாடிக்காரரின் நகத்தில் அதன் வெள்ளைத் துகள்.

மூடிகளை ஆஸ்பத்திரி பிளாஸ்டரால் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பட்டையின் நுனியும் உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது.

அவள் முழங்கால் தானாகக் கூசியது.

சின்ன வயதில் விழுந்து எழுந்து வரும்போதெல்லாம் அக்கா அப்படித்தான் ஒட்டுவாள். நுனியை மடித்து. பிரிக்கும்போது சட்டென்று பிடித்து இழுக்க வசதியாக. உலகத்தில் வேறு யாரும் அப்படி ஒட்டி அவள் பார்த்ததில்லை.

"என்ன மேடம்?" என்றார் ஏட்டு.

"ஒண்ணுமில்ல. வண்டியை எடுங்க."

வார்டில் பாதிக் கட்டில்கள் ஏற்கெனவே காலி. அக்கா ஒரு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சிரிஞ்சால் துளித்துளியாகப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு உறிஞ்சத் தெம்பில்லை.

இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பிளாஸ்டரை இன்னும் நுனி மடிச்சுத்தான் ஒட்டறே."

அக்காவின் கை நிற்கவில்லை.

"பிரிக்கும்போது வலிக்கக் கூடாதில்ல."

"தெர்மாகோலுக்கு வலிக்குமா?"

"பழக்கம்டி."

வழி முழுக்க அவள் ஒன்றை மட்டும்தான் வேண்டிக்கொண்டு வந்திருந்தாள். அக்கா பொய் சொல்ல வேண்டும். நல்ல பொய்யாக, நம்புகிற மாதிரி ஒன்று. அக்காவுக்கு அந்த உதவிகூடச் செய்யத் தெரியவில்லை.

"செயலாளர்தான் வந்து கேட்டான். விழா நல்லா நடந்தா வார்டுக்கு இன்னும் கொஞ்ச மாசம் வாங்கித் தர்றேன்னான். மருந்துப் பெட்டியோட வர்ற ட்ரை ஐஸைக் கொஞ்சம் அதிகமா வரவழைச்சேன்."

"அவனை நம்பினியா?"

"நம்பலை. அதனாலதான் தாடிக்காரர்கிட்டயும் சொன்னேன். எல்லாரும் கெளம்பினப்புறம் நீங்களே உள்ள போய்ப் பாருங்க, கூடைக்குப் பின்னாடி பெட்டி இருக்கும், தெறந்து பாருங்கன்னு. கண்ணால பாத்தா எழுதுவாரு. பணம் இங்க திரும்ப வரும்னு..."

அக்காவே ஒட்டிய பெட்டி. அக்காவே அனுப்பிய ஆள்.

"மூடின ரூம்ல அது என்ன பண்ணும்னு உனக்குத் தெரியாதா?"

குழந்தைக்கு லேசாகப் புரையேறியது. அக்கா அதைத் தோளில் சாய்த்துத் தட்டினாள்.

"தெரியும். கதவு தெறந்திருக்கும்னு நெனச்சேன். கரண்டே இல்லாத கிடங்கைப் பூட்டுவாங்கன்னு யாருடி நெனப்பா?"

"உள்ளேயிருந்து தெறக்கக் கைப்பிடி இல்லக்கா."

"அப்படியா?" என்றாள் அக்கா மெதுவாக.

அந்த ஒரு சொல்லில் அவள் முகம் கிழவி முகமாகிவிட்டது.

குழந்தையைக் கட்டிலில் கிடத்தினாள். கைகளைத் துடைத்து, சேர்த்து நீட்டினாள்.

"வா. நீயே கூட்டிட்டுப் போ. வேற யாரும் வேணாம்."

செல்போன் அடித்தது. மேலதிகாரி.

"குளிர்ல விறைச்சு செத்தார்னு கேஸை முடிச்சுடும்மா."

"சார், மெஷினே ஓடலை. இது..."

"ஓடுச்சு. அவங்க அரசாங்கமே அறிக்கை விட்டாச்சு. பொருளாதார வளர்ச்சிக்காகக் கடைசி மூச்சு வரைக்கும் உழைச்சவராம். ஆளையே விறைக்க வெக்கிற அளவுக்கு அருமையான மெஷினாம்! இதைவிட வேற அத்தாட்சி வேணுமா? அவர் பேர்லயே இன்னொரு கிடங்கு கட்டறாங்க. இதைவிடப் பெருசா. பொறுப்பு அதே செயலாளர்தான்."

"வார்டு சார்?"

"எந்த வார்டு?"

அவள் கட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள்.

"அங்க ஏதோ பெட்டி கெடக்காமே. ஆஸ்பத்திரிக்கே திருப்பிக் குடுத்துடு. புதுத் திறப்பு விழாவுக்கும் பந்தோபஸ்து நீதான்."

போன் அடங்கியது. அக்காவின் கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன.

"கையை இறக்குக்கா. கேஸ் இல்ல."

"அப்ப வார்டு...?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதன் விளிம்பைச் சரிசெய்ய அத்தனை நேரம் தேவையில்லை.

அக்கா புரிந்துகொண்டாள். மெல்லச் சிரிஞ்சைக் கையில் எடுத்தாள்.

"கூட்டிட்டுப் போயிருக்கலாம்டி," என்றாள். "இந்தக் குழந்தைகளை ஒவ்வொண்ணா அனுப்பறதையாவது பாக்காம இருந்திருப்பேன்."

வெளியே ஜீப்பில் ஏட்டு காத்திருந்தார். அவள் ஏறி உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். அவர் ஜீப்பைக் கிளப்பினார்.

"புதுக் கிடங்குக்காவது உள்ளேயிருந்து தெறக்கற கைப்பிடி வெப்பாங்களா மேடம்?"

"வெப்பாங்க ஏட்டய்யா," என்றாள். "தக்காளிதான் அப்பவும் வாடகைக்கு எடுக்கணும்."