ஒரே வெள்ளை, இரண்டு குவியல்

ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் முழங்கையை எங்கே வைப்பது என்று இன்றுவரை கற்றுக்கொள்ளாத மனிதர் அவர். திறந்திருந்த இரண்டு டப்பாக்களும் ஒருசேரக் கவிழ்ந்தன. வெள்ளை மாத்திரைகள் தரையெங்கும் ஓடின.

"கைநழுவி! காலங்காத்தாலயே ஆரம்பிச்சாச்சா?" உள்ளிருந்து நர்ஸின் குரல். அந்தப் பட்டப்பெயரும் அவள் உபயம்தான்.

பெஞ்சில் மனைவிக்காகக் காத்திருந்த டிரைவர் பொறுக்க ஓடிவந்தான். மனைவி பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தாள்.

கைநழுவியின் கவலையே அவளைப் பற்றித்தான். மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. தவறினால் எச்.ஐ.வி. கிருமி தலையெடுக்கும்; பிறகு அந்த மருந்துக்கே அடங்காமல் போகலாம். அவளுக்குக் கிருமி எண்ணிக்கை ஏறத் தொடங்கியிருந்தது. டப்பாவோ மாதம் முடியுமுன் காலி. "வெளியில விக்கிறியாம்மா?" என்று சற்றுமுன் கேட்டுவிட்டார். கேட்ட வாய் இன்னும் கசந்தது.

"சத்தியமா இல்லண்ணா!" என்றிருந்தாள் அவள்.

"வீட்ல யாரு?"

"அவரும் அத்தையும். சத்து மாத்திரை வாங்கப் போறேன்னுதான் சொல்லியிருக்கேன். டப்பாவை அரிசிக்குள்ள புதைச்சிருக்கேன். அத்தைக்குக் கண்ணு மங்கல், என்னையே பக்கத்து வீட்டுக்காரின்னு கூப்பிடுவாங்க."

கைநழுவி குனிந்து பார்த்தார். டிரைவர் இரண்டு குவியலாகப் பிரித்திருந்தான். ஒன்று கால்சியம், அதை அப்படியே குப்பைக்கூடையில் கொட்டினான். மற்றதை, அந்த எச்.ஐ.வி. மாத்திரைகளை, உள்ளங்கையில் வைத்துத் தூசி ஊதினான்.

"தரைல விழுந்தது, அதையும் போட்டுடுங்க."

"இதையா சார்?" விரல்கள் மூடிக்கொண்டன.

கைநழுவி அவனை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"ரெண்டும் வெள்ளை, ரெண்டும் நீளம். நானே கண்ணாடி போட்டாத்தான் பிரிப்பேன். நீங்க கண் சிமிட்டுறதுக்குள்ள பிரிச்சுட்டீங்க. எப்படி?"

"வீட்ல... பாத்திருப்பேன்."

அரிசிக்குள் கையை விடாமல் எப்படிப் பார்த்திருப்பான்? அதை அவர் கேட்கவில்லை. அவள் ரகசியம் அவருடையதல்ல.

"சும்மா பாத்தவனுக்கும் மாத்திரை தெரியும் தம்பி. ஆனா அதைக் குப்பைல போடத் தயங்க மாட்டான். உங்க வீட்டைப் பத்தி நான் பேசல, பேசவும் மாட்டேன். உங்களைக் கேக்கறேன். இதை நீங்க சாப்பிடறீங்களா?"

"சத்துக்காக ஒண்ணு ரெண்டு..."

"தம்பி."

டிரைவர் பரிசோதனை அறைப் பக்கம் பார்த்தான். கைக்குள் மாத்திரைகள் வியர்வையில் நசநசத்தன.

"ஆமா சார். எனக்கும் இருக்கு. எனக்குத்தான் முதல்ல. அவளுக்குக் குடுத்ததே நான்தான். இங்க வந்து வரிசைல நிக்க மூஞ்சி இல்ல. அதான் அவளோடதைத் திருடித் தின்னேன்."