குவாரியின் ஆழம்

குவாரித் தண்ணீர் சில்லென்று இருந்தது. சித்திரை வெயிலில் அரியலூர்க் கல்லெல்லாம் அடுப்பாகக் கொதிக்கிற நாளில், காலை நனைத்த பூவிழிக்கு எலும்பு வரை குளிர் ஏறியது. வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"என்னடி அம்சா, தண்ணி இப்படி இருக்கு?"

"ரெண்டு நாளா இப்படித்தான்க்கா. நல்லாதான இருக்கு?" என்றாள் தங்கை அம்சவள்ளி, முழங்கால் தண்ணீரில் நின்று போர்வையை அலசியபடி.

நல்லா இருக்காமே! பூவிழிக்குச் சிரிப்பு வரவில்லை. பல வருடமாக ஆழ்கடலை ஆராய்கிற விஞ்ஞானி அவள். கடலே கண்ணில் படாத ஊரில் பிறந்துவிட்டு இவளுக்குக் கப்பல் ஒரு கேடா என்று உறவுக்காரர்கள் இன்றும் கிண்டலடிப்பார்கள். வெயில் என்ற ஒன்றையே அறியாத அடிக்கடலிலிருந்து குப்பிகளில் மேலே வருகிற தண்ணீருக்குத்தான் இந்தக் குளிர் உண்டு. இதுவோ சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன பள்ளம். மிஞ்சிப் போனால் ஒரு பனைமர ஆழம் இருக்கும்.

பள்ளத்தின் சுவரெங்கும் கல்லாகிப்போன சிப்பிகள். ஒரு காலத்தில் இந்த ஊரே கடலுக்கடியில் கிடந்தது என்று அவளே பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறாள். இன்று அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தண்ணீர் எட்டாத உயரத்தில் இருந்த சிப்பிகள்கூட ஈரமாக மினுங்கின.

அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று இருப்பது அம்சா ஒருத்திதான். இந்தப் பள்ளத்தோரத்து வீட்டில் தனியாகக் கிடக்காதே, சென்னைக்கு வந்துவிடு என்று கெஞ்சத்தான் லீவு போட்டு வந்திருந்தாள்.

"பொழுது சாயுது, வாடி வூட்டுக்குப் போவலாம்."

"இந்தப் போர்வைய முடிச்சிட்டு வரேன். நீ ஒன் பொட்டியப் பாரு. அதுக்குத்தான தூக்கிட்டு வந்த?"

அடுத்த பயணத்துக்கு முன் சரிபார்க்க வேண்டிய ஒலிப்பெட்டி அது. கடலடியில் எடை கட்டிப் போட்ட கருவிகளை அதை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். முதல் பொத்தானை அமுக்கினால் பெட்டி தண்ணீருக்குள் சத்தம் அனுப்பும்; கீழே கிடக்கிற கருவி பதில் சொல்லும். இரண்டாவது பொத்தானை அமுக்கினால் கருவி எடையைக் கழற்றிவிட்டு மேலே மிதந்து வரும். கீழே பேட்டரி எப்போது சாகும் என்று தெரியாது. அதனால் பதில் கேட்டதும் நொடிகூடத் தாமதிக்காமல் இரண்டாவதை அமுக்கிவிட வேண்டும். கப்பலில் எல்லோர் விரலிலும் ஊறிப்போன பழக்கம் அது.

இங்கே பதில் சொல்ல ஒன்றும் இல்லை. சத்தம் போகிறதா என்று பார்த்தால் போதும். ஒயரைத் தண்ணீரில் இறக்கி, முதல் பொத்தானை அமுக்கினாள். சத்தம் போனது. சரி, வேலை செய்கிறது.

ஒயரைச் சுருட்டக் குனிந்தபோதுதான் கவனித்தாள். தவளைகள் கத்தவில்லை. பாசி வாடைக்குப் பதிலாக, அடிக்கடல் சேற்றை அள்ளி மேலே கொண்டுவரும்போது அடிக்கிற அழுகல் வாடை மெல்ல எழுந்து மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

டிங்.

பெட்டியிலிருந்து வந்த பதில். நடுக்கடலில், மைல் கணக்கான ஆழத்திலிருந்து பதில் வரத்தான் அவ்வளவு நேரம் பிடிக்கும். அது அவளுக்கு உறைப்பதற்குள் விரல் முந்திக்கொண்டது. இரண்டாவது பொத்தானை அமுக்கிவிட்டிருந்தாள்.

அய்யோ. என்ன செய்துவிட்டேன்?

பெட்டி இப்போது தானாகவே கூப்பிட்டது. டிங். பதில் வருவதற்கான இடைவெளி குறைந்திருந்தது. மறுபடி கூப்பிட்டது. டிங். இன்னும் குறைந்திருந்தது.

ஏதோ மேலே வருகிறது.

"அம்சா! கரையேறு!"

"இருக்கா, போர்வைய எதுவோ புடிச்சி இழுக்குது."

"வுட்டுட்டு வாடி!"

பூவிழி அவளை நோக்கி ஓடினாள். கல் வழுக்கியது. பின்னால் பெட்டி அலறியது. டிங். டிங். கூப்பிடுவதற்கு முன்பே பதில்.

திரும்பிப் பார்த்த அம்சா சட்டென்று தண்ணீருக்குள் போனாள். சத்தமே இல்லை. பூவிழி பாய்ந்து இறங்கித் துழாவினாள். குளிரில் கை மரத்தது. கடைசியில் ஒரு கை அகப்பட்டது. பற்றினாள். இழுத்தாள். உயிரைக் கொடுத்து இழுத்தாள்.

கரை. அம்சா நின்றாள். உயிரோடுதான் நின்றாள்.

"ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல. அக்கா இருக்கேன்ல." கட்டிக்கொண்டு அழுதாள். "எதாவது பேசுடி."

அம்சா வாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. கறுத்த தண்ணீர். உப்பு வாடை. நிற்காமல் கொட்டியது.

அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து, தொண்டையின் அடியிலிருந்து, தெளிவாகக் கேட்டது.

டிங்.

பூவிழி கையை உதறினாள். தங்கையின் பிடி தளரவில்லை. அம்சாவின் கண்கள் மறைகிற சூரியனை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன, வெளிச்சத்தை முதல்முறையாகப் பார்ப்பதுபோல.