பதினேழாவது எட்டு

அன்னவாசல் பக்கத்தில் ரத்தினவேல் ஐயாவின் கத்தரித் தோட்டம். அங்கே கமலை ஓட்டுகிறவர் அழகுமலைத் தாத்தா. மாடுகள் சரிவில் இறங்கினால், வடத்தில் கட்டிய தோல்சால் கிணற்றிலிருந்து தண்ணீரோடு மேலே வரும். பிறகு மாடுகளைப் பின்னுக்கு நடத்திக்கொண்டே கிணற்று விளிம்புக்கு வரவேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு சால்! அறுபது வயதிலும் தாத்தா சளைக்கவில்லை.

பத்து வயதுச் செங்கமலம் போன தையில்தான் அந்த ஊருக்கு வந்தவள். வாய்க்காலில் மடை திருப்புவது அவள் வேலை.

ஒரு நாள் காலை, முந்தின இரவு பெய்த மழையில் கிணற்று விளிம்பு இரண்டு எட்டு தூரம் சரிந்து கிடந்தது. தாத்தாவோ பின்னுக்கு வந்துகொண்டே இருந்தார்.

"தாத்தா, நில்லுங்க!"

நின்றார். ஒரு சாண் தள்ளிக் கிணறு.

"பதினேழு எட்டு வரணுமே, இப்பத்தானே பதினஞ்சு?" என்றார்.

செங்கமலத்துக்குப் புரிந்துவிட்டது. "ஒங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

"சத்தம் போடாத ஆத்தா. ரெண்டு வருசமாப் புரை. வெளிச்சம் தெரியும், ஆளு தெரியாது."

"டவுன் ஆஸ்பத்திரியில காசில்லாம எடுப்பாகளாமே?"

"எடுப்பாக. ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள வேற ஆளு வந்துருவான். அப்புறம் கண்ண வச்சுக்கிட்டு எதைப் பாக்குறது, காலிச் சட்டியையா?"

செங்கமலம் கொஞ்சம் யோசித்தாள். "ஒங்க எடத்துல நான் ஓட்டுறேன். மடையை எங்கம்மா பாத்துக்கும்."

அன்றே பழகினாள். முதல் தடவை மாடுகள் அவளைக் கத்தரிப் பாத்திக்குள் இழுத்துப்போயின. பத்தாவது தடவை, சொன்ன இடத்தில் நின்றன.

மறுநாள் இருவரும் ஐயா முன் நின்றார்கள். ஐயாவுக்கும் அறுபது வயதுதான். போன வருடம் புரை எடுத்துக்கொண்டு கண்ணாடி போட்டிருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் குதித்தார். "கண்ணு தெரியாமலாடா என் மாட்டை ஓட்டுன?"

தாத்தா தலை குனிந்தார்.

"இந்த ரெண்டு வருசத்துல ஒரு சால் தண்ணி கொறஞ்சுச்சாங்க ஐயா?" என்று கேட்டாள் செங்கமலம்.

ஐயா தோட்டத்தைப் பார்த்தார். காய் குலுங்கியது.

"ஒங்களுக்குப் புரை விழுந்தப்ப என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யுறது? மூணு மாசம் படுத்துக் கெடந்தேன்."

"தாத்தாவால படுக்க முடியலைங்க."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"சனிக்கிழமை டவுனுக்குக் காய் வண்டி போகுது. ஏறிக்க அழகு. ஒன் வேலை ஒனக்குத்தான். ஏ புள்ள, செடி வாடுச்சுன்னா ஒன்னைய விடமாட்டேன்!"

செடி வாடவில்லை. செங்கமலத்தின் உள்ளங்கைதான் கொப்பளித்து, உடைந்து, காய்த்துப்போனது.

ஒரு மாதம் கழித்துத் தாத்தா வந்தார். மூக்கின் மேல் தடித்த கண்ணாடி. கமலையருகே நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் செங்கமலமா?"

"ஆமா தாத்தா."

"இம்புட்டூண்டுதானா இருக்க! ஐயாவையே கேள்வி கேட்டியே, நல்ல ஒசரமான ஆளுன்னுல்ல நெனச்சேன்!"

செங்கமலம் குதிகாலை உயர்த்தி நின்றுகொண்டு, மாட்டுக் கயிற்றை அவரிடம் நீட்டினாள்.