ஜவுளிக்கடை ஸ்டூல்கள் எங்கே?

காலை ஒன்பதரை மணி. ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே போன ஜவுளிக்கடை முதலாளி அப்படியே நின்றுவிட்டார். விற்பனைப் பெண்கள் உட்காருவதற்காக நேற்று வாங்கிப் போட்ட ஸ்டூல்களில் ஒன்றுகூட இல்லை. பின்கதவின் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது.

நின்றபடியே வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற சட்டம் முதலில் மாநிலத்தில் வந்தது. இப்போது நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. இந்தக் கடையில் இருக்கை இல்லை என்று புகார் செய்தவள் மூத்த விற்பனைக்காரி. எல்லோருக்கும் அவள் பெரியக்கா. அதை விசாரிக்க அன்றுதான் தொழிலாளர் துறை ஆய்வாளர் வருவதாக இருந்தது.

ஆய்வாளர் அம்மாள் வந்தபோது பெரியக்காவின் கைப்பை மேசைமேல் கொட்டிக் கிடந்தது. பெரியக்கா சுவரோரம் இறுகிய முகத்துடன் நின்றாள்.

"பைக்குள்ள ஸ்டூலைத் தேடினீங்களா?" என்றார் ஆய்வாளர்.

முதலாளி நெளிந்தார். "கள்ளச்சாவி இருக்கான்னு பார்த்தோம் மேடம்."

"நேத்து கடையைப் பூட்டினது யாரு?"

"என் மைத்துனன். பூட்டிட்டுச் சாவியை வீட்ல கொண்டுவந்து குடுத்துடுவான். நேத்து கொஞ்சம் லேட்டாத்தான் வந்தான்."

கல்லாவில் இருந்த மைத்துனன் எழுந்திருக்கவில்லை. "பின்கதவைச் சாத்தினது இவங்க. வேணும்னே தாழ்ப்பாள் போடாம விட்டு, ஆள் வெச்சுத் தூக்கியிருக்காங்க. திருட்டுன்னா வேலையை விட்டு எடுக்கலாம்ல மேடம்? புதுச் சட்டத்துலயே இருக்கே."

"படிச்சிருக்கீங்க போல."

"சும்மா, மேலோட்டமா."

ஆய்வாளர் பெரியக்காவிடம் திரும்பினார். "தாழ்ப்பாள் போட்டீங்களா?"

"போட்டேன். இழுத்தும் பார்த்தேன்."

ஆய்வாளர் தெருவில் இறங்கிக் கண்ணாடி ஜன்னலைப் பார்த்தார். பொம்மைகளின் காலடியில் நீலச் சாட்டின் துணி மேடு மேடாக விரிந்திருந்தது.

"அலங்காரம் புதுசா?"

"பெரியக்கா பண்ணியிருப்பா. ஜன்னல் அவ பொறுப்புதான்," என்றார் முதலாளி.

உள்ளே அலமாரியில் அதே நீலச் சாட்டின் பளபளத்தது. ஜன்னலில் இருந்ததோ மங்கி, அழுது வடிந்தது.

ஆய்வாளர் ஜன்னலின் பின்பலகையைத் திறந்து துணியைத் தூக்கினார். அடியில் ஸ்டூல்கள்.

"பார்த்தீங்களா, இவங்க வேலைதான்!" என்று துள்ளினான் மைத்துனன்.

"அவசரப்படாதீங்க. சாட்டினுக்குப் பளபளப்பு ஒரு பக்கம்தான். அந்தப் பக்கம் அடியில போயிருக்கு. காலமெல்லாம் துணி விரிச்ச கை இப்படி விரிக்காது. கல்லாவை விட்டு எழுந்திருக்காத யாரோ இருட்டுல விரிச்சிருக்காங்க. சாவி உங்ககிட்டதான் இருந்துச்சு. பின்கதவைத் திறந்து வெச்சதும் நீங்கதான். புகார் குடுத்தவங்களைப் பழிவாங்க வேலையை விட்டு எடுக்கக் கூடாது, திருட்டு நிரூபணமானா எடுக்கலாம். சட்டத்துல அந்த இடத்தை மட்டும் நல்லாவே படிச்சிருக்கீங்க."

மைத்துனன் முதலாளியைப் பார்த்தான். "மாமா, இன்னிக்கு உட்கார வெச்சா நாளைக்கு நம்ம தலையில ஏறி உட்காருவாங்க."

முதலாளி மேசைக்குப் போனார். கொட்டிய பொருள்களைத் தாமே பையில் எடுத்து வைத்தார். முழங்கால் வலிக்குக் கட்டும் பட்டை கைக்கு வந்ததும் ஒரு கணம் தயங்கினார்.

"பெரியக்கா, இவனை என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"அது உங்க குடும்ப விஷயம் முதலாளி. என் பையைக் கொட்டினது நீங்க. எல்லார் முன்னாலயும் கொட்டினீங்க. எல்லார் முன்னாலயும் தப்புன்னு சொல்லிடுங்க, போதும்."

பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

கேட்டு முடித்த பிறகுதான் பெரியக்கா உட்கார்ந்தாள்.