லைப்ரரியில் இல்லாத விஷம்

டெலிபோன் அலறியது!

பரிசோதனைக் கூடத்தின் கெமிஸ்ட் பாய்ந்து எடுத்தாள்.

"மேடம்... அந்தப் பையன் ரிப்போர்ட் என்னாச்சு?" இன்ஸ்பெக்டர். "ஹார்ட் அட்டாக்னு ஃபைலை மூடிடவா?"

"பத்தொன்பது வயசு சார்! சாயங்காலம் வரைக்கும் பொறுங்க."

வெளியே பெஞ்சில் பையனின் அம்மா. காலையிலிருந்து ஒரே கேள்வி.

"என் புள்ளை எதனால செத்தாம்மா?"

போன மாதம் அதே பெஞ்சில் வேறு இரண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். 'நச்சு எதுவும் இல்லை' என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்தவள் இவள்தான்!

பையனின் ரத்தம் மெஷினுக்குள் போயிற்று. திரையில் ஓடிய கோட்டில் திடீரென்று ஒரு கூர்முனை எழும்பியது... தெரிந்த போதை மருந்துகளெல்லாம் பதிவாகியிருக்கும் லைப்ரரியோடு ஒப்பிட்டாள்.

எதனோடும் பொருந்தவில்லை.

டைரக்டரிடம் ஓடினாள். ஆபீஸில் அவருக்குப் பெயர் பசை. ஒன்பது வருடமாக நாற்காலியை விட்டு அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

"லைப்ரரியில இல்லேன்னா விஷம் இல்லைம்மா. எப்பவும் போல எழுது."

"புதுசா வந்த மருந்தா இருந்தா? பழைய பதிவையெல்லாம் தோண்டிப் பாக்கப் போறேன் சார்."

பசையின் முகம் சுண்டியது.

மெஷின் எதையும் மறக்காது. போன மாதம் செத்த இரண்டு பையன்களின் ரத்தத்திலும் அந்த முனை இருந்தது. இன்னும் பின்னால், நான்கு மாதம் போனாள்...

அதே முனை! அச்சு அசல்!

மாதிரியை மெஷினில் ஏற்றியவர் பெயர்: டைரக்டர்.

பையன் சாவதற்கு நான்கு மாதம் முன்பே அந்த மருந்து இந்த மெஷினுக்குள் போயிருக்கிறது!

"என்னம்மா, களைச்சுப் போயிட்டே?"

வாசலில் பசை. எழுந்தே விட்டார்! கையில் காபி.

"வைங்க சார். ஆறட்டும்."

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வந்தார். கப் காலி. நிம்மதியாகக் கதவைச் சாத்தினார்.

"விக்கிறவங்க புதுசு புதுசா செய்வாங்க. நான் நம்ம மெஷின்ல போட்டுப் பாப்பேன். அதுக்கே தெரியலேன்னா தாராளமா விக்கலாம்."

"மூணு பசங்க செத்திருக்காங்க சார்!"

"அதுல ரெண்டு கையெழுத்து உன்னுது."

சுருக்கென்றது. உண்மைதான். அந்த இரண்டு அம்மாக்களும் அவளைக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதை நினைத்ததும் அழுகை முட்டியது.

"என் பதிவை இப்ப அழிச்சுடுவேன். மருந்தையே கண்ணுல காட்டாம எந்தக் கோர்ட்டும் நம்பாது. தலை சுத்துதா...?"

கதவு படாரென்று திறந்தது. இன்ஸ்பெக்டர்!

"மேடம் எனக்குப் போன் போட்டு வரச் சொல்லிட்டு, ஆஃப் பண்ணவே இல்லை சார். மொத்தமும் கேட்டுட்டேன்."

"கேட்டு என்ன? இவ பிழைச்சா பாக்கலாம்!" பசை சிரித்தார்.

"இன்ஸ்பெக்டர் சார், அந்த ரெண்டு ஃபைலையும் திரும்பத் திறங்க," என்றாள் அவள். "தப்பு பண்ணினவங்க வரிசையில என் பேரையும் எழுதிக்குங்க."

பிறகு திரையைப் பசையின் பக்கம் திருப்பினாள். அதே முனை. இன்றைய தேதி!

"மருந்து வேணும்னீங்களே... பாட்டில்ல சீல் வெச்சாச்சு. உங்க காபியை நான் தொடவே இல்லை சார். மெஷின்தான் ஒரு சொட்டு குடிச்சுது!"