பீரங்கிக் கச்சேரியில் காணாமல் போன இறால்

ஞாயிறு, மாலை 4.40. செங்கல்பட்டு. ஜெபக்குமார் வீட்டுக் கூடத்தில், ஆறுவதற்காகப் பியானோ மேல் வைத்திருந்த இறால் வறுவல் தட்டு காலியாகக் கிடந்தது. கறிவேப்பிலை மட்டும் உயிர் தப்பியிருந்தது.

பெண் பார்க்க மாப்பிள்ளையின் அம்மா வந்துகொண்டிருந்தார். ஊரப்பாக்கத்திலிருந்து முன்னதாகவே வந்துவிட்ட மாப்பிள்ளை சின்னராசு, சார்ஜர் எடுக்க ஒரு தரம் கூடத்துக்குள் போய்வந்திருந்தான். ஜெபக்குமாரின் மனைவி ஜெசிந்தாவுக்கு அது போதும்.

“பொண்ணு பாக்க வந்த வூட்ல தட்டை வழிச்சவனுக்கு எம்பொண்ணு கெடையாது!”

அந்தப் பெண் ஜாய்ஸுக்குச் சிறுசேரியில் மென்பொருளில் பிழை பிடிக்கும் உத்தியோகம். கட்டினால் சின்னராசு என்று எப்போதோ முடிவெடுத்திருந்தாள். விசாரணையை அப்பாவிடமிருந்து தொடங்கினாள்.

“நைனா, நீ எங்க இருந்த?”

“கதவை சாத்திகினு பியானோ வாசிச்சேன். எங்கனா நிறுத்தினேனா?”

நிறுத்தவில்லை. தெருவே சாட்சி. அவர் வாசிப்பது பழைய ஐரோப்பியப் போர்க்கள இசை. வலது கையில் குதிரையும் எக்காளமும் பறக்கும். இடது உள்ளங்கை பியானோவின் இடக்கோடிக் கட்டைகளில் விழுந்தால் பீரங்கி. டாக்டர் அவருக்கு இறாலைத் தடை செய்திருந்தார். ஆனால் இரண்டு கையும் போரில் இருந்தவரை யார் சந்தேகிப்பது?

“சின்னராசு, நீ?”

“சார்ஜர எடுத்தேன். வந்துட்டேன்.” அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

பக்கத்து வீட்டுப் பூவாயி எட்டிப் பார்த்தாள். “அண்ணாத்த, தேங்க்ஸு! தெனம் நீ டமார்னு அடிச்சா எம்புள்ள வீல்னு கத்தும். இன்னிக்கு பாதி பாட்டுல நல்லா தூங்கிருச்சு.”

ஜாய்ஸ் திரும்பினாள். “நைனா, பீரங்கி அடி.”

“இப்பவா? கை வலிக்குதும்மா.”

“எந்தக் கை?”

இடது கை பேண்ட் பாக்கெட்டிலிருந்து தயங்கி வெளியே வந்தது. ஐந்து விரலிலும் மிளகாய்த்தூள்.

“பாட்டு நிக்கல. பீரங்கிதான் நின்னுச்சு. அதான் பூவாயிக்கா புள்ள தூங்குச்சு. வலது கை சண்டை போட்டுச்சு, இடது கை நாஸ்தா துன்னுச்சு,” என்றாள் ஜாய்ஸ்.

ஜெசிந்தா சின்னராசுவைப் பார்த்தார். “நீ பாத்தியா?”

“பாத்தேன் அத்த. மாமா வாய் நெறைய இருந்துச்சு. மாட்டிவுட மனசு வரல.”

“பொண்ணு கைவுட்டுப் போயிருக்குமேடா?”

“அதெல்லாம் ஜாய்ஸு கண்டுபுடிச்சிரும்னு தெரியும் அத்த.”

ஜெசிந்தா கணவரைக் கைகழுவ விரட்டினார். இன்னும் வறுக்காமல் வைத்திருந்த மிச்ச இறாலை எடுத்து அடுப்பில் போட்டார். வாசலில் மாப்பிள்ளை அம்மாவின் ஆட்டோ நின்றது. கூடத்தில் போர் மறுபடி மூண்டது. டமார்!

பக்கத்து வீட்டில் குழந்தை வீறிட்டது.

“அப்பாடா,” என்று இறாலைப் புரட்டிப் போட்டார் ஜெசிந்தா. “ரெண்டு கையும் அங்கதான் கீது.”