இடக்கை மட்டை, வலக்கைப் பந்து

மழை இப்போதோ அப்போதோ என்று மிரட்டிக்கொண்டிருந்தது. தலச்சேரி மைதானத்தின் மதிலோரம், பாதாம் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, பிரஜிஷா செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு அனுப்பினாங்க உங்கள?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். கோடை முகாமின் கிரிக்கெட் பயிற்சியாளர் ஷினோஜ்; பிள்ளைகளுக்கு 'மாஷ்', அதாவது வாத்தியார். அதட்டும்போதுகூட ஓரத்தில் ஒரு சிரிப்பை ஒளித்து வைத்திருக்கும் கண்கள்... 'ஐயோ, இவரைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தானே வந்தேன்!'

"ஒரு வாரமா பாக்கறேன். பக்கத்துக் கிளப்புக்குப் பிள்ளைங்கள இழுத்துட்டுப் போக வந்த ஆளா?"

"நான் ஆமியோட சித்தி!" பிரஜிஷா சீறினாள். "அவ எழுதறது வலது கை. சாப்பிடறது, பந்து எறியறது எல்லாம் வலது கை. மட்டை மட்டும் எப்படி இடது பக்கம் போச்சு? டீமுக்கு ஒரு இடக்கை ஆள் வேணும்னு பிள்ளைய மாத்திட்டீங்க... அப்படித்தானே மாஷே?"

"நான் மாத்தல."

"பின்ன?"

அவன் திரும்பி ஆமியைப் பார்த்தான். தொடைவரை ஏறிய கால் கவசத்துடன் நின்ற அந்த எட்டு வயதுக்காரி, வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையாட்டினாள்.

"அத அவதான் சொல்லணும்" என்றான்.

குழந்தையோடு இந்த ஆளுக்கு என்ன ரகசியம்? சின்ன வயதில், இடது கையால் எழுதியதற்காகப் பிரஜிஷாவின் அந்தக் கையை ரிப்பனால் நாற்காலியோடு கட்டிப்போட்ட வகுப்பறை கண்முன் வந்தது. அன்று தொடங்கிய திக்கல், கோபம் வந்தால் இன்றும் எட்டிப்பார்க்கும்.

"இ... இனிமே இவ வ... வரமாட்டா!"

அவன் கண்ணில் இருந்த சிரிப்பு சட்டென்று அணைந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஆமியை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

ஆமியின் அம்மா லிஜினா, மஸ்கட்டில் நர்ஸ். பிள்ளையை நம்பி ஒப்படைத்திருப்பது தங்கையிடம். விட்டுக்கொடுக்க முடியுமா? ஆனால் ஆமி முகம் கொடுத்தே பேசவில்லை.

சில நாள் கழித்து, மருந்துக்கடை வேலை முடிந்து திரும்பிய பிரஜிஷா, வாசல் கேட்டைத் திறக்காமல் நின்றாள். முற்றத்தில் ஆமி, வலது கையால் பந்தைச் சுவரில் எறிந்தாள். திரும்பி வந்ததைத் தென்னை மட்டையால் இடது பக்கம் நின்று அடித்தாள். பளீரென்று ஓர் அடி! சொல்லித்தர யாருமில்லை.

சித்தியைப் பார்த்ததும் அவசரமாக வலது பக்கம் மாறி நின்றாள். அடுத்த பந்து தவறிப்போனது.

"ஏன்டி மாத்தின?"

"இடது கைய நீட்டினாலே உன் முகம் வாடிடும்ல, சித்தி... அதான் மாஷ்கிட்ட, நானாத்தான் இடது பக்கம் நிக்கறேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கெஞ்சினேன். 'சித்திகிட்ட நீயே சொல்லிடு'ன்னு அவர் தினமும் சொன்னாரு. எனக்குத்தான் பயம்."

யாரை யார் சந்தேகப்பட்டது! குழந்தை மறைத்தது தன்னிடமிருந்து அல்லவா... பிரஜிஷா மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

"நீ எந்தப் பக்கம் வேணா நில்லுடி, தங்கம்."

மறுநாள் ஆமியை மைதானத்துக்குள் அனுப்பிவிட்டு நழுவப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்பதற்கு நாக்கு வர வேண்டுமே! அதற்குள் மழை கொட்டிவிட்டது. பின்னாலிருந்து ஒரு குடை அவள் தலைக்கு மேல் விரிந்தது. குடை பிடித்தவன் நனைந்துகொண்டிருந்தான்.

"தப்பா நெனச்சுட்டேன், மாஷே..."

"பிள்ளைக்காகச் சண்டை போட்டீங்க. அது தப்பா?" கொஞ்சம் தயங்கினான். "கிளப் ஆளுன்னு நான் நெஜமா நெனைக்கல. ஒரு வாரமா பாத்துட்டே இருந்தேன்... பேச வேற சாக்கு கெடைக்கல."

மழையிலும் அவளுக்குக் காது மடல் சுட்டது. இதுவும் பொய்யாக இருக்குமோ? சந்தேகத்தோடு நிமிர்ந்தாள். இமையில் நீர் சொட்ட, அந்தக் கண்கள் பயந்துபோய்க் காத்திருந்தன.

"இன்னைக்கு அக்கா போன் பண்ணுவா. மாஷ் எப்படிப்பட்ட ஆளுன்னு கேப்பா."

"என்ன சொல்வீங்க?"

அவள் குடையை அவன் பக்கமும் சாய்த்தாள்.

"எனக்குப் பிடிச்ச ஆளுன்னு சொல்வேன்..." 'மாஷ்' போய், நெருங்கியவரை அழைக்கும் 'ஏட்டன்' அவள் நாவில் வந்திருந்தது. "ஷினோஜேட்டா."